ஐம்பத்தெட்டாம் இதழிலிருந்து

சுனிதாவின் கணவன் முருகதாஸுக்கு ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை பேச்சு நின்றுபோனது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் குளியலறை வாசலில் சரிந்தான். வலது கை ஈரத்துணி மாதிரித் தொங்கியது. நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். வயது நாற்பத்தொன்றுதான். வீடுகளுக்கு வயரிங் செய்கிற ஆள், ஏணி கேட்காமல் மச்சில் ஏறுவான். கெட்ட பழக்கம் என்று ஒன்று கிடையாது, காமிக்ஸ் புத்தகத்தைத் தவிர.

வீட்டுக்கு வந்தபோது கால் ஓரளவு தேறியிருந்தது. கம்பை ஊன்றி முற்றம் வரை போவான், கேட்டைத் தாண்டமாட்டான். தெரிந்தவர்கள் எதிரில் வந்து பேச்சுக் கொடுத்தால் என்ன செய்வது என்ற கூச்சம். பேச்சு என்று அவனிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல். "அங்ஙன." ஊர்ப் பேச்சில் அதற்கு அங்கே என்றும் அர்த்தம், அப்படி என்றும் அர்த்தம். பசித்தாலும் அங்ஙன, பேன் வேகமாக ஓடினாலும் அங்ஙன, மகள் அபிதா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது கையசைத்துச் சொல்வதும் அங்ஙன. மற்றவர்கள் சொல்வது எல்லாம் புரிந்தது. பதில் உள்ளே புறப்பட்டு வாய்க்கு வந்து சேரும்போது அந்த ஒரு சொல்லாக மாறிவிடும். தன் காதில் அது விழுந்ததும் அவன் முகம் சுருங்குவதை சுனிதா ஒவ்வொரு தடவையும் பார்த்தாள்.

எழுத்தும் போய்விட்டது. பேச்சுப் பயிற்சி கொடுத்த ஓமனா மேடம் சுனிதாவைத் தனியாக அழைத்துச் சொன்னாள். "எழுத்து அவருக்கு இப்போ வேற ஏதோ பாஷெ மாதிரி இருக்கும். ஆளைத் தெரியும், படம் தெரியும், கதை தெரியும். எழுத்து வரணும்னா நாளாகும். கட்டாயம் வரும்னு நான் ஏமாத்தமாட்டேன்."

ஆறாம் வகுப்புப் படிக்கும் அபிதா ஒருநாள் அப்பாவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் செய்தித்தாளை வாசித்துக் காட்டினாள். முருகதாஸ் இரண்டு வரி கேட்டான். பிறகு தலையணையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான். பிள்ளை எழுந்துவந்து அடுக்களையில் அம்மாவின் பின்னால் நின்றுகொண்டு, "நான் தப்பா வாசிச்சேனா?" என்று கேட்டது.

இப்படி நாலு மாதம். மாமியார் வீட்டிலிருந்து ஒரு ஆள் மாற்றி ஒரு ஆள் வந்து பகலில் துணைக்கு இருந்தார்கள். சுனிதா திங்கள்நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். விடியற்காலை போனால் மூன்று மணிக்கு வந்துவிடலாம்.

ஐப்பசியில் ஒரு மழைநாள் அவள் வந்து ஈரக்குடையை விரித்து வைக்கும்போது அலமாரிக்குள் இருந்த அவனுடைய செல்போன் விடாமல் துடித்தது. சார்ஜ் மட்டும் போட்டுப் போட்டு வைத்திருந்தாளே தவிர இத்தனை நாளும் அதைத் திறந்து பார்க்கவில்லை. எடுத்துப் பார்த்தாள். 'குமரி காமிக்ஸ் கூட்டம்' என்ற குழு. மூவாயிரத்துச் சொச்சம் செய்தி வாசிக்காமல் கிடந்தது. கடைசியாக வந்தவை எல்லாம் அவனைக் கூப்பிடுகிற செய்திகள்.

"தாஸண்ணே, எங்க போயிட்டீங்க? புதுசா ஒரு ஆள் வந்திருக்கு. செம்பருந்து எங்கேருந்து படிக்கணும்னு கேக்காவ. நீங்க வந்து சொன்னாத்தான் சண்டை தீரும்."

"சவூதிக்குப் போயிட்டாரோ?"

"போனா சொல்லாம போவாரா?"

செம்பருந்து யாரென்று சுனிதாவுக்குத் தெரியும். தெரியும் என்றால், அட்டையில் சிவப்புச் சிறகோடு பறக்கிற அந்தத் தடியன், பதின்மூன்று வருடமாக அவளுடைய சேலை அலமாரியில் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்ற அளவில் தெரியும். மாதம் ஒரு இதழ். போதாததற்கு அவனோடு சண்டை போடுகிறவர்களுக்கும் சேருகிறவர்களுக்கும் தனித்தனியாக இதழ். நூற்று நாற்பது தாண்டிய பிறகு திடீரென்று மறுபடியும் ஒன்றிலிருந்து எண் போட்டுப் புதிதாக ஆரம்பித்தார்கள். அன்றைக்கு முருகதாஸ் சோறு சாப்பிடாமல் போனில் ஒன்றரை மணி நேரம் யாரிடமோ வாதாடினான். 'எதை முதலில் வாசிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம், ஏழு சூரியன் யுத்தம் என்ற தொடர்கதைக்கு முன்னால் கட்டாயம் வாசிக்க வேண்டியவை எவை' என்று அவன் கைப்பட எழுதிய பட்டியல் ஒன்று அந்தக் குழுவின் உச்சியில் ஆணி அடித்த மாதிரி நின்றது. புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் பாடப்புத்தகம்.

அவள் போனை அவன் முன்னால் நீட்டினாள். "ஒங்க ஆளுவ தேடுகாவ. பாத்தியளா?"

அவன் திரையைப் பார்த்தான். பட்டியலில் அவனே வரைந்திருந்த சின்னச் சிறகுப் படத்தில் விரலை வைத்தான். அடுத்து எழுத்துக்குப் போனது விரல். அங்கே கொஞ்சநேரம் நின்றது. பிறகு போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

சுனிதா அடுக்களைக்குப் போய் நின்றபடி எழுதினாள். "நான் அவரு வைஃப் சுனிதா. அவருக்கு நாலு மாசமா சுகமில்லை. பேச்சும் வாசிப்பும் இல்லை. உங்ககிட்ட சொல்லணும்னு எனக்குத் தோணல்ல. மன்னிக்கணும்."

அரை நிமிடத்தில் போன் மணியடித்தது.

"மைனி, நான் குளச்சல் ரிஜ்வான். செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். அண்ணனுக்கு என்னாச்சு மைனி?" குரல் பாதியில் உடைந்தது. முன்னே பின்னே பார்த்திராத ஒரு பையன் தன்னை அண்ணி என்று உறவு சொல்லி, தன் கணவனுக்காக அழுவதை சுனிதா கேட்டாள். அவளுக்கும் அழுகை வந்தது. நாலு மாதத்தில் அதற்கு நேரமே கிடைத்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். ரிஜ்வான் நெட்டையாக, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு. இனயத்திலிருந்து ஜெபிஷ், மீன்பிடிப் போட்டுகளுக்கு எஞ்சின் பழுதுபார்க்கிறவன். வெறுங்கையாய் வரக்கூடாதென்று ஒரு முழு நெய்மீனைப் பனிக்கட்டிப் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். மூன்றாவது ஆதிரா, கீரிப்பாறை எஸ்டேட்டில் வளர்ந்தவள், இப்போது நாகர்கோவிலில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. மூன்று பேரும் முருகதாஸைச் சுற்றி நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, சுகமா இருக்கியளா?" என்று ஜெபிஷ் காது கேட்காதவரிடம் கேட்பதுபோலச் சத்தமாகக் கேட்டான்.

"அங்ஙன," என்றான் முருகதாஸ். சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"செவி நல்லாத்தான் கேக்கும்," என்றாள் சுனிதா.

டீ வந்தது, குடித்தார்கள். ஆதிரா தன் பையிலிருந்து நாலு மாத இதழ்களை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "அண்ணன் விட்டுப்போன நாலும் இருக்கு. எதுலேருந்து வாசிக்கணும்னா..."

அவ்வளவுதான். ரிஜ்வான் குறுக்கே வந்தான். "நேரா புதுசுக்குப் போனா ஒண்ணும் வெளங்காது. புது வரிசையில ஒண்ணாம் நம்பர்லேருந்து ஒருக்கா திருப்பி வாசிச்சிட்டு வரணும்."

"லேய், அது வேஸ்டுலே," என்றான் ஜெபிஷ். "படம் வரைஞ்சவனுக்கு மூக்கே வரைய வராது. பழைய வரிசையில முப்பத்தொண்ணுலேருந்து வாசிக்கணும். அங்ஙனதான் கதையே தொடங்குகு."

"முப்பத்தொண்ணு வாசிக்கணும்னா இருபத்தெட்டு வாசிக்காண்டாமா? சுழலி எதுக்குக் கட்சி மாறினாள்னு எங்ஙன தெரியும்?"

"அண்ணன் பட்டியல்ல இருபத்தெட்டு இல்லெ."

"இருக்கு!"

"இல்லெங்கேன்!"

சுனிதா நிலைவாசலில் நின்று கணவனைப் பார்த்தாள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பேசுகிறவர்கள் வாயை மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்த அவன் கண்ணில், இத்தனை நாளும் அவள் காணாத ஒரு வெளிச்சம். இடது கையைத் தூக்கினான். "அங்ஙன," என்றான். அவர்கள் நிறுத்தினார்கள். "அங்ஙன... அங்ஙன..." கழுத்து நரம்பு புடைத்தது. மூன்று பேரும் வாயைத் திறந்து காத்திருந்தார்கள். ஆதிரா உதவி செய்கிற நினைப்பில் ஒரு புத்தகத்தை விரித்து அவன் மடியில் வைத்து, "இதையா அண்ணே? இந்த எடமா?" என்று கேட்டாள்.

அவன் பக்கத்தைப் பார்த்தான். எழுத்து நிறைந்த பக்கம். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு இடது கையால் அதைத் தூக்கி எறிந்தான். புத்தகம் டீ டம்ளரில் பட்டு, டம்ளர் உருண்டு, தரையெல்லாம் டீ.

கேட்டுக்கு வெளியே மூன்று பேரும் செருப்பு மாட்டத் தெரியாதவர்கள் மாதிரி நின்றார்கள். சுனிதாவுக்குக் கோபம் பொங்கியது. ஆனால் ஆதிரா முந்தானையை வாயில் வைத்து அழுவதைப் பார்த்ததும் அது எங்கோ போனது. "ஒன்மேல தப்பு இல்லெ மக்கா," என்று அவள் முதுகில் தட்டினாள். "நாங்களும் இப்பிடித்தான் படிச்சோம், எதை முன்னால வைக்கக்கூடாதுன்னு."

அன்று சாயங்காலம் முருகதாஸ் கம்பை ஊன்றி அலமாரிவரை நடந்துபோனான். கதவைத் திறந்து அடுக்கி வைத்திருந்த புத்தகங்களைக் காட்டினான். பிறகு வாசலைக் காட்டினான்.

"என்ன, வெளியிலயா? குடுத்திரவா சொல்லுகியோ?"

அவன் தலையசைத்தான். அவள் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தாள். அவன் கம்பால் தரையில் ஒரு அடி அடித்தான். பதின்மூன்று வருடம் "இந்தக் குப்பையை எடுத்துப் போடுங்கோ" என்று சண்டை போட்டவள் அவள். இன்றைக்கு அவனே சொல்லும்போது கொடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் அந்த அட்டைகளை நாள்தோறும் பார்த்துக்கொண்டு அவன் படுத்திருப்பது அதைவிடக் கொடுமை என்று பட்டது. ரிஜ்வானுக்குப் போன் செய்தாள். சனிக்கிழமை ஆட்டோவோடு வருவதாகச் சொன்னான்.

சனிக்கிழமை மதியம் அபிதா டியூஷனுக்குப் போயிருந்தாள். மழை விட்டு வெயில் அடித்தது. சுனிதா தரையில் பழைய போர்வையை விரித்து, புத்தகங்களை இறக்கி, பத்துப் பத்தாகச் சணலில் கட்டத் தொடங்கினாள். முருகதாஸ் கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தான்.

ஆறாவது கட்டுக்கு வந்தபோது ஒரு அட்டை அவள் கையை நிறுத்தியது. ஒரு பெண். தலைமுடி நாலாபக்கமும் பறக்க, இடுப்பில் கைவைத்து, யாரையோ முறைத்துக்கொண்டு நிற்கிறாள். செம்பருந்தை அட்டையில் காணவே காணோம். இவள்தான் அந்தச் சுழலியோ? அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் அடித்துக்கொண்டது இவளுக்காகத்தானா? சுனிதா கட்டுவதை விட்டுவிட்டு முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

தனியாக வாசிக்கும்போது வாயைத் திறந்து வாசிப்பது அவள் பழக்கம். மருந்துச் சீட்டைக்கூட முணுமுணுத்துத்தான் வாசிப்பாள். "'நீ இங்கே வரக்கூடாதென்று சொன்னேனே.' டமார். 'காற்றுக்கு யார் கதவு போட முடியும்?' ம்... 'என் மகனை விட்டுவிடு.' மகனா? இவனுக்கு எப்போ மகன் வந்தான்? 'யார் நீ?' இப்பத்தானே பேசினான், இப்போ யாரு நீன்னு கேக்கான். என்ன எழவு கதையோ..."

"அங்ஙன," என்றது கட்டில்.

அவள் கவனிக்கவில்லை. "'யார் நீ?' 'நீ இங்கே வரக்கூடாதென்று...' சே, தலையும் இல்லெ வாலும் இல்லெ."

"அங்ஙன!"

நிமிர்ந்தாள். அவன் திரும்பிப் படுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் அப்பட்டமான எரிச்சல். கல்யாணமான புதிதில் அவள் ஸ்கூட்டர் ஓட்டப் பழகும்போது பின்னால் உட்கார்ந்து பல்லைக் கடிப்பானே, அதே முகம்.

"எனக்கு என்ன தெரியும்? நான் வாசிச்சிருக்கேனா? ஒருத்தன் செத்தப்பொறவு வந்து பேசுகான்."

அவன் எழுந்தான். கம்பைத் தேடவில்லை. கட்டிலைப் பிடித்து, சுவரைப் பிடித்து, அவள் பக்கத்தில் வந்து போர்வையில் தொப்பென்று உட்கார்ந்தான். அவள் முதலில் இடப்பக்கக் கட்டங்களை எல்லாம் மேலிருந்து கீழே வாசித்துவிட்டு, பிறகு வலப்பக்கத்தை மேலிருந்து கீழே வாசித்திருக்கிறாள். அவன் அவள் சுட்டுவிரலைப் பிடித்து முதல் கட்டத்தில் வைத்தான். குறுக்கே வலப்பக்கம் இழுத்தான். அடுத்த வரிசைக்கு இறக்கி, மறுபடியும் குறுக்கே இழுத்தான்.

"இங்ஙன," என்றான்.

சுனிதாவுக்குக் காதில் விழுந்தது. அவன் தான் சொன்னதைக் கவனிக்கவில்லை. அவள் புரிந்துகொண்டாளா என்பதில்தான் அவன் முழுக்கவனமும் இருந்தது. அந்த ஒற்றைச் சொல் நாலரை மாதத்தில் முதல் தடவையாக வேறொன்றாக மாறி வந்திருக்கிறது. அவள் கத்தியிருப்பாள், கட்டிப்பிடித்திருப்பாள். கத்தினால் அவன் வெட்கப்பட்டு மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவான் என்று பயந்தாள். "இங்ஙனயா? சரி," என்று மட்டும் சொன்னாள்.

குறுக்கே வாசித்தபோது கதை ஒழுங்காக வந்தது. ஆனால் யார் எவர் என்று புரியவில்லை. "இவ நல்லவளா கெட்டவளா?" என்று கேட்டாள்.

முருகதாஸ் யோசித்தான். புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கி மூடினான். அவள் கட்டி வைத்திருந்த கட்டுகளை இடது கையால் ஒவ்வொன்றாக இழுத்து அட்டைகளைப் பார்த்தான். எண் அவனுக்குத் தேவைப்படவில்லை. மூன்றாவது கட்டை அவிழ்க்கும்படி கையைக் காட்டினான். அதிலிருந்து மெலிந்த ஒரு புத்தகத்தை உருவி அவள் மடியில் வைத்தான். ஐம்பத்தெட்டாம் இதழ்.

கதை இதுதான். ஒரு ஊரில் புயல். ஜனங்கள் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் ஒதுங்கியிருக்கிறார்கள். செம்பருந்து வருவான் வருவான் என்று காத்திருக்கிறார்கள், அவன் வேறெங்கோ. வருகிறவள் சுழலி. ஊரே வெறுக்கிறவள். போன மாதம்தான் அவள் ஆங்காரத்தில் அந்த ஊர்ப் பாலத்தை உடைத்திருக்கிறாள். யாரும் அவளை உள்ளே விடவில்லை. அவள் வாசலுக்கு வெளியே மழையில் நின்று, தன் காற்றால் புயல் காற்றைத் தடுத்து, பகல் முழுக்க அந்தக் கூரையைத் தாங்குகிறாள். சண்டை இல்லை. பல பக்கங்களில் பேச்சே இல்லை. நடுவில் ஒரே ஒரு இடத்தில், குழந்தைகள் பசியில் அழும்போது சமையல்கட்டைப் பூட்டி வைத்திருக்கிற மண்டபத்துக்காரனைப் பார்த்து அவள் கத்துகிறாள். பலூனுக்குள் எழுத்து கொட்டை கொட்டையாக இருக்கிறது. "திற! இல்லையென்றால் கூரையோடு உன்னையும் விட்டுவிடுவேன்!"

அந்தக் கட்டத்தில் முருகதாஸ் விரலை வைத்தான். பிறகு அதே விரலால் சுனிதாவைக் காட்டினான்.

"நானா? நான் இப்பிடியா கத்துகேன்?"

"அங்ஙன," என்றான் அவன். இந்தத் தடவை அது சரியான இடத்தில் சரியாக விழுந்த சொல். இருவருக்கும் ஒரே நேரத்தில் அது தெரிந்தது. அவள் சிரித்தாள். அவன் தோள் குலுங்கியது. வாய் ஒருபக்கம் கோணிய அந்தச் சிரிப்பை அவள் பார்த்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

கடைசி நாலு பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. புயல் நிற்கிறது. ஜனங்கள் வெளியே வருகிறார்கள். சுழலி படியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒருவரும் அவளிடம் பேசாமல் விலகிப் போகிறார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண் மட்டும் திரும்பி வந்து, தன் கம்பளியை அவள் தோளில் போட்டுவிட்டுப் போகிறாள். சுனிதா அந்தப் பக்கங்களை மெதுவாகத் திருப்பினாள். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, முருகதாஸ் புத்தகத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தப் பக்கத்தில் அவளுக்கு என்ன ஆகிறது என்று படத்துக்குப் படம் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"அடுத்தது எது?" என்று கேட்டாள். அவன் கட்டுகளுக்குள் கையை விட்டான்.

ரிஜ்வான் ஆட்டோவோடு வந்தபோது இருவரும் தரையில் புத்தகக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். கட்டிய கட்டெல்லாம் அவிழ்ந்து கிடந்தது.

"கொண்டுபோகாண்டாம் ரிஜ்வான். நான் வாசிக்கணும்," என்றாள் சுனிதா.

அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மைனி, நீங்க எதுலேருந்து தொடங்குனியோ?"

"ஐம்பத்தெட்டு. இவருதான் எடுத்துத் தந்தாரு."

"ஐம்பத்தெட்டா? அது அண்ணன் பட்டியல்லேயே கிடையாதே!" அவன் முருகதாஸைப் பார்த்தான். "அண்ணே, ஏழு வருசமா எங்களுக்கு ஒண்ணு சொல்லிட்டு, மைனிக்கு மட்டும் வேறயா?"

முருகதாஸ் இடது தோளைத் தூக்கி இறக்கினான். ரிஜ்வான் வாசல்படியிலேயே உட்கார்ந்து குழுவில் அதை எழுதிப் போட்டான். சாயங்காலத்துக்குள் இருநூறு செய்தி. ஜெபிஷ் குரலைப் பதிவு செய்து அனுப்பினான்: "ஐம்பத்தெட்டுல செம்பருந்து வரவே மாட்டான், அதை எங்ஙன முதல்ல வாசிக்கது? ஆனா அண்ணன் சொன்னா அதுல ஏதோ இருக்கு." ஆதிரா அன்றைக்கே அதை மறுபடியும் எடுத்து வாசித்துவிட்டு, சுழலியைப் பற்றி நீளமாக ஒன்று எழுதினாள். சுனிதா அதை முருகதாஸுக்கு வாசித்துக் காட்டினாள். ஒரு இடத்தில் அவன் கையை ஆட்டினான், அது சரியில்லை என்று. "அவருக்கு அதுல சம்மதம் இல்லெ," என்று சுனிதா பதில் போட்டாள். உடனே ஆதிரா கேட்டாள், "எதுல மைனி? எந்த வரியில?" ஒவ்வொரு வரியாக வாசித்து, அவன் தலையாட்டலைப் பார்த்து, அந்த வரியைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது.

அதற்குப் பிறகு மூன்று மணிக்கு வேலையிலிருந்து வந்து, பால் விடாமல் ஒரு கட்டன்சாயாவைப் போட்டுக்கொண்டு, அவள் போர்வையை விரிப்பது வழக்கமானது. அவன் எடுத்துத் தருவான், அவள் வாசிப்பாள். அவனுக்காக வாசிக்கிறோம் என்று அவள் ஒருநாளும் நினைக்கவில்லை. அவளுக்குக் கதை தெரிய வேண்டும். சுழலியின் தங்கை உயிரோடு இருக்கிறாளா என்பது தெரியாமல் வேலையிடத்தில் வந்தவர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கும்போதுகூட அவளுக்கு அதே நினைப்பு. அபிதாவும் டியூஷன் இல்லாத நாட்களில் வந்து சேர்ந்துகொண்டாள். செம்பருந்துக்கு அவள் கரகரப்பான ஒரு குரல் வைத்திருந்தாள். அதைக் கேட்டால் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

சொற்களும் ஒவ்வொன்றாக வந்தன, எதிர்பாராத வரிசையில். முதலில் "இல்லெ" வந்தது. பிறகு "போ", "பெறகு", "பாவம்". ஒருநாள் வில்லன் ஏமாற்றுகிற இடத்தில் ஒரு கெட்டவார்த்தை முழுசாக, அட்சரம் பிசகாமல் வந்தது. அபிதா வாயைப் பொத்திக்கொண்டாள். ஓமனா மேடத்திடம் சொன்னபோது, "அதெல்லாம் நல்ல லட்சணம்தான்," என்று அவளும் சிரித்தாள். எழுத்து இன்னும் வரவில்லை. 'டமார்' மட்டும் படம் மாதிரி அவனுக்குத் தெரிந்தது. அதைக் கண்டால் விரலால் தட்டுவான்.

தை மாதம் முதல் வாரத்தில் ஏழு சூரியன் யுத்தத்தின் கடைசி இதழ் வந்தது. ரிஜ்வான் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். சுனிதா சரி என்று சொல்லவிருந்தபோது முருகதாஸ் கையைக் காட்டித் தடுத்தான். தன் நெஞ்சைத் தொட்டான். "போ," என்றான். சொல் பற்றவில்லை என்று தெரிந்து, கம்பை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போய் நின்றான்.

பஸ்ஸில் நாகர்கோவில் போனார்கள். அவன் நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். வழியில் பழைய ஆள் ஒருவர், வயரிங் வேலை கொடுத்தவர், பார்த்துவிட்டு, "தாஸு, எப்பிடி இருக்கே?" என்று எழுந்து வந்தார். சுனிதா பதில் சொல்ல வாயெடுத்தாள். "அங்ஙன," என்றான் முருகதாஸ் நிதானமாக, கையை இப்படியும் அப்படியுமாக ஆட்டி. அவர் புரிந்துகொண்டு, அவன் தோளைத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

புத்தகக்கடையில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். ஜெபிஷ் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தான். விரல் நகத்தில் கிரீஸ். ஆளுக்கொரு இதழ் வாங்கிக்கொண்டார்கள். யாரும் திறக்கவில்லை. "மைனி வாசிச்சு முடிக்கது வரைக்கும் குழுவில யாரும் கதையைச் சொல்லப்பிடாது," என்று ஆதிரா சட்டம் போட்டாள். "நாளை சாயங்காலம் வரை," என்றாள் சுனிதா. "அதுக்குமேல எனக்கே தாங்காது."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீட்டுக்குப் போய் வாசிக்கலாம் என்றுதான் இருந்தார்கள். ஆசாரிப்பள்ளம் தாண்டும்போது அவள் அட்டையை மட்டும் பார்ப்போம் என்று எடுத்தாள். அட்டையைப் பார்த்த பிறகு முதல் பக்கம். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் அவன் காதோடு வாசித்தாள். ஏழாவது பக்கத்தில் சுழலியும் செம்பருந்தும் நேருக்கு நேர் நின்றார்கள். அவள் அவசரமாகப் பக்கத்தைத் திருப்பப் போனாள். அவன் உள்ளங்கையை விரித்துப் பக்கத்தின்மேல் வைத்தான். படத்தை இன்னும் பார்த்து முடிக்கவில்லை. அவள் காத்திருந்தாள். சுழலியின் முகத்தில், கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன வெட்டுக்காயத்தை அவன் விரல் தொட்டுக் காட்டியது. அவன் காட்டியிராவிட்டால் அவள் அதைப் பார்த்திருக்கமாட்டாள். ரத்தம் காயாத, பிறை மாதிரி வளைந்த வெட்டு, தங்கையின் கத்தி மட்டும்தான் அப்படி வெட்டும். அப்படியானால் தங்கை உயிரோடு இருக்கிறாள்.

"ஐயோ," என்றாள் சுனிதா சத்தமாக.

"ஏட்டி, மெல்ல!" என்றான் அவன்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் அதற்குள் பக்கத்தைத் திருப்பியிருந்தான்.

பஸ் நின்றபோதுதான் அவள் வெளியே பார்த்தாள். மணவாளக்குறிச்சி. அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் போய் முக்கால் கிலோமீட்டர் ஆகியிருந்தது. பதறிக்கொண்டு இறங்கினார்கள். ஆட்டோவைக் கூப்பிட அவள் கையைத் தூக்கினாள். முருகதாஸ் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, கம்பை ஊன்றி, வந்த வழியே நடக்கத் தொடங்கினான். கடலிலிருந்து காற்று வீசியது. ஒவ்வொரு மின்கம்பத்துக்கும் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினான். நிற்கும்போதெல்லாம் அவள் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கம் வாசித்தாள்.